ஐந்து குடித்தனம் ஆன ஒரு செங்கல் பங்களா

எழும்பூரில், பாந்தியன் சாலையிலிருந்து உள்ளே பிரியும் தெரு ஒன்றில், வெள்ளைக்காரர் காலத்துச் சிவப்புச் செங்கல் பங்களா ஒன்றை ஐந்து குடித்தனங்களாகப் பிரித்து வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். அயனாவரத்தில் நாங்கள் இருந்த பழைய அடுக்ககத்தை இடித்துக் கட்டக் கொடுத்துவிட்டதால், 2023 ஜூன் முதல் 2025 மார்ச் வரை அந்த வீட்டில் குடியிருந்தோம். வழக்கமான 11 மாத ஒப்பந்தத்தை இரண்டு முறை போட்டோம். முதல் முறை தரைத்தளத்தின் மேற்குப் பகுதி, இரண்டாம் முறை மாடியின் கிழக்குப் பகுதி. ஒரே வீட்டைக் கீழிருந்தும் மேலிருந்தும் அனுபவித்துவிட்டதால், வாசலில் தொங்கும் ‘டு லெட்’ பலகையைப் பார்த்து ஆசைப்படுபவர்களுக்கு உதவட்டும் என்று இதை எழுதுகிறேன். உரிமையாளர் தனிமனிதர் என்பதால் அவர் பெயரையும் கதவு எண்ணையும் எழுதவில்லை. அந்தத் தெருவில் சிவப்பு வீடு ஒன்றுதான் இருக்கிறது. தேடுபவர்களுக்குச் சிரமம் இருக்காது.

நான் பொதுப்பணித் துறையின் கட்டடப் பிரிவில் 31 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வாடகைக்கு வீடு பார்க்கப் போனால் என் மனைவி நேராகச் சமையலறைக்குப் போவாள். நான் வெளிச்சுவரின் மூலைக்குப் போவேன். இந்த வீட்டில் என்னை விழவைத்தது மூலைதான், அவளை எச்சரித்தது சமையலறைதான். பின்னால் நடந்தவற்றைப் பார்க்கும்போது அவள் கணிப்பே சரி என்று எழுத வேண்டியிருக்கிறது. இருந்தாலும் மூலையிலிருந்தே தொடங்குகிறேன்.

முன்புறச் சுவர் பூச்சே இல்லாத வெறும் செங்கல். ஒரு வரிசை முழுக்கக் கற்களின் நீளப்பக்கம் தெரியும். அதற்கு மேல் வரிசை முழுக்கக் குறுகிய தலைப்பக்கம் மட்டும் தெரியும். மறுபடி நீளப்பக்கம், மறுபடி தலைப்பக்கம். இதைத்தான் பொறியியல் கல்லூரியில் இங்கிலீஷ் பாண்ட் என்று படித்தோம். தலைக்கல் சுவருக்குள் குறுக்கே நுழைந்து உள்வரிசையையும் வெளிவரிசையையும் சேர்த்துக் கட்டிப்போடுவதால், கனமான சுவருக்கு இதைவிட உறுதியான அடுக்கு கிடையாது. ஒரே வரிசையில் நீளமும் தலையும் மாறி மாறி வந்தால் அது பிளெமிஷ் பாண்ட். பார்க்க அழகாக இருக்கும், இங்கிலாந்தின் 18ஆம் நூற்றாண்டு வீடுகளில் முகப்புக்கு அதையே விரும்பினார்கள். இந்த வீட்டைக் கட்டியவர் உறுதியைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். மூலையில் முதல் தலைக்கல்லுக்கு அடுத்து, நீளவாக்கில் இரண்டாகப் பிளந்த ஒல்லிக் கல் ஒன்று ஒவ்வொரு தலைவரிசையிலும் உட்கார்ந்திருக்கிறது. குயின் குளோசர் என்று பெயர். மேல்வரிசையின் இணைப்பும் கீழ்வரிசையின் இணைப்பும் ஒரே கோட்டில் விழுந்துவிடாமல் காப்பாற்றுவது அந்த ஒல்லிக் கல்தான். போர்டிகோ பக்கத்து மூலையில் கீழிருந்து மேல்வரை எண்ணிப் பார்த்தேன். ஒரு வரிசையில்கூடத் தப்பவில்லை. பெயர் தெரியாத ஒரு கொத்தனார் கொல்லறுக் கரண்டியால் தட்டித் தட்டி, உடையாமல் பிளந்த கற்கள் அவை. ரசமட்டம் வைத்துப் பார்த்தபோதும் குமிழி நடுவிலேயே நின்றது.

பின்புறம் போனால் நிலைமை வேறு. அங்கே செங்கல்லின் மேல் செங்காவி நிறப் பெயிண்டை அடித்து, அதன்மேல் வெள்ளைக் கோடு இழுத்து, செங்கல் போல் வரைந்திருக்கிறார்கள். நம்மூர்ப் பழைய கட்டடங்களில் இந்த வேலையைப் பார்க்காதவர்கள் இருக்க முடியாது. ஆனால் இங்கே பெயிண்டர் இழுத்த கோடு உள்ளே இருக்கும் உண்மையான இணைப்போடு ஒத்துப்போகவில்லை. எல்லா வரிசையையும் நீளக் கல்லாகவே வரைந்திருக்கிறார். சாயங்கால வெயில் சாய்வாக விழும்போது பெயிண்டுக்கு அடியில் பழைய இணைப்புகளின் பள்ளம் நிழலாகத் தெரியும். அதற்குக் குறுக்கே வெள்ளைக் கோடு தன்பாட்டுக்கு ஓடும். உண்மைச் செங்கல்லின் மேல் பொய்ச் செங்கல். ஆங்கிலேயர்களையும் இதில் சும்மா விட முடியாது. டக் பாயிண்டிங் என்ற பெயரில், கோணலான கற்களுக்கு நடுவே செங்கல் நிறக் கலவையைப் பூசி, அதன்மேல் மெல்லிய வெள்ளைக் கோடு வைத்து, ஒரே சீரான கல் என்று நம்பவைத்தவர்கள் அவர்கள்.

இங்கிலாந்தில் செங்கல் வெறும் ரசனையால் பரவிவிடவில்லை. 1666இல் லண்டன் எரிந்த பிறகு, வெளிச்சுவர்கள் செங்கல்லாகவோ கருங்கல்லாகவோ இருக்க வேண்டும் என்று 1667ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. 1784இல், அமெரிக்கப் போரின் செலவை ஈடுகட்டச் செங்கல்லுக்கு ஆயிரத்துக்கு இவ்வளவு என்று வரி போட்டார்கள். எண்ணிக்கைக்குத்தானே வரி என்று சூளைக்காரர்கள் கல்லைப் பெரிதாக்கினார்கள். பெரிய கல்லுக்கு அதிக வரி என்று அரசு திருப்பி அடித்தது. 1850இல் வரி போன பிறகு விக்டோரியா காலத்து வீடுகள் சிவப்பாக எழுந்தன. 1870களில் நார்மன் ஷா போன்ற கட்டடக் கலைஞர்கள் சிவப்புச் செங்கல்லை நாகரிகத்தின் அடையாளமாகவே ஆக்கிவிட்டார்கள். லண்டனில் ராயல் ஆல்பர்ட் ஹாலுக்குப் பக்கத்தில் அவர் வடிவமைத்த ஆல்பர்ட் ஹால் மேன்ஷன்ஸ், வசதியானவர்களும் அடுக்ககத்தில் குடியேறலாம் என்று காட்டிய சிவப்புக் கட்டடம்.

சென்னைக்கு அந்தச் சிவப்பு தாமதமாகத்தான் வந்து சேர்ந்தது. கம்பெனி காலத்துத் தோட்ட வீடுகள் எல்லாம் வெள்ளை. உள்ளே செங்கல் இருந்தாலும் வெளியே கிளிஞ்சல் சுண்ணாம்பைப் பூசிப் பளிங்கு போல இழைத்திருப்பார்கள். மெட்ராஸ் சுண்ணாம்புப் பூச்சு பற்றி அந்தக் காலப் பயணிகள் வியந்து எழுதியிருக்கிறார்கள். செங்கல்லை மறைக்காமல் விடும் துணிவு பொதுக் கட்டடங்களில் வந்தது: 1892இல் முடிந்த உயர் நீதிமன்றம், இந்த வீட்டிலிருந்து நடந்தே போகக்கூடிய அருங்காட்சியக வளாகத்தின் சிவப்புக் கட்டடங்கள், 1908இல் திறந்த எழும்பூர் ரயில் நிலையம். இவற்றோடு பெயர் சேர்ந்திருக்கும் கட்டடக் கலைஞர் ஹென்றி இர்வின் குவிமாடமும் முகலாய வளைவும் வைத்தார்; நான் சொல்லும் வீட்டில் அவை எதுவும் இல்லை. இது இங்கிலாந்தின் புறநகர் வீட்டைத் தூக்கிவந்து, வெயிலுக்குப் பயந்து சுற்றிலும் தாழ்வாரம் ஒட்டவைத்தது போன்ற வீடு. சரிவான முகப்பு முக்கோணம் இருக்கிறது, வெளியே துருத்தும் பே ஜன்னல் இருக்கிறது. ஆனால் ஜன்னலில் கண்ணாடிக்குப் பதில் தேக்குப் பட்டைகள். கணப்பு அடுப்பு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மாடம்.

கட்டிய ஆண்டைச் சொல்லும் கல்வெட்டு எதுவும் இல்லை. உரிமையாளர் “நூத்திப்பத்து வருஷம் சார்” என்பார், ஆளுக்குத் தகுந்தபடி பத்தைக் கூட்டியும் குறைத்தும் சொல்வார். எனக்குக் கிடைத்த ஒரே சாட்சி பின்தாழ்வாரத்து இரும்பு விட்டம். துருவைச் சுரண்டிப் பார்த்தபோது டார்மன் லாங், மிடில்ஸ்பரோ, இங்கிலாந்து என்ற எழுத்துகள் புடைப்பாகத் தெரிந்தன. அந்த ஆலையின் விட்டங்கள் கப்பலேறி இந்தியத் துறைமுகங்களில் இறங்கிய காலத்து வீடு என்ற அளவுக்கு அது போதும்.

பிரித்த கதைக்கு வருகிறேன். பழைய வீட்டைக் குடித்தனங்களாக்குபவர் இரண்டு வேலை செய்ய வேண்டும்: சுவர் எழுப்ப வேண்டும், கழிப்பறை வைக்க வேண்டும். முதல் வேலையை இந்த உரிமையாளர், அல்லது அவருடைய அப்பா, நன்றாகவே செய்திருக்கிறார். கீழ்த்தளச் சுவர்கள் 18 அங்குலம், மாடியில் பதிமூன்றரை. அவற்றில் ஒன்றைக்கூட இடிக்கவில்லை. நடுக்கூடத்தை இரண்டாகப் பிரிக்க மரச்சட்டமும் பலகையும் வைத்து மெல்லிய தடுப்பு போட்டிருக்கிறார்கள். நாளைக்கு வேண்டாம் என்றால் திருகாணியைக் கழற்றி எடுத்துவிடலாம், கூடம் மறுபடி கூடமாகிவிடும். கதவு இருந்த இடத்தை அடைத்தபோதும் பழைய நிலைச்சட்டத்தைப் பெயர்க்காமல் அதற்குள்ளேயே அடைத்திருக்கிறார்கள். இது பாராட்ட வேண்டிய விஷயம்.

ஆனால் தடுப்பு எந்த இடத்தில் விழுந்தது என்று யாரும் மேலே அண்ணாந்து பார்க்கவில்லை. கூடத்தின் உட்கூரை நடுவில் சுண்ணாம்பில் செய்த பெரிய பூ ஒன்று இருக்கிறது; அதன் மையத்திலிருந்துதான் அந்தக் காலத்தில் விளக்குத் தொங்கியிருக்கும். தடுப்பு அந்தப் பூவின் மேல் நேராக ஏறிப் போகிறது. எங்கள் படுக்கையறையில் நான்கரை இதழ், பக்கத்து வீட்டுக்காரர் சாப்பிடும் இடத்தில் மூன்றரை இதழ். அவர் வங்கியில் வேலை பார்ப்பவர். “உங்க பக்கம்தான் சார் மெஜாரிட்டி” என்று அடிக்கடி சொல்வார். என் மகள் லண்டனில் ஒரு விக்டோரியா காலத்து வீட்டின் இரண்டாம் மாடியில் குடியிருந்தபோது மூன்று மாதம் போய்த் தங்கினோம். அங்கேயும் கூரையோரத்துச் சுண்ணாம்பு வேலைப்பாடு மூன்று பக்கம் ஓடிவந்து நான்காவது பக்கத்தில் ஜிப்சம் பலகையில் முட்டி நின்றது. ஆக இந்தக் குற்றத்தை எழும்பூருக்கு மட்டும் எழுதிவைக்க முடியாது.

தடுப்பு மெல்லியது என்பதற்கு இன்னொரு விலையும் உண்டு. பக்கத்து வீட்டில் ஐந்து மணிக்கு அலாரம் அடித்தால் நாங்கள்தான் எழுந்திருப்போம். இங்கிலாந்தில் வீட்டைக் குடியிருப்புகளாகப் பிரித்தால் ஒலி எவ்வளவு கடக்கிறது என்று கருவி வைத்துச் சோதித்துக் காட்ட வேண்டும் என்று கட்டட விதி இருக்கிறது. இங்கே அந்தச் சோதனையைக் குடித்தனக்காரர்தான் செய்துகொள்ள வேண்டும்.

இரண்டாவது வேலையான கழிப்பறையில்தான் இந்த வீடு பாதி தேறி, பாதி தோற்றிருக்கிறது. நான்கு குடித்தனங்களுக்கு, வீட்டின் பின்னால் ஒட்டாமல் ஒரு விரற்கடை இடைவெளி விட்டுத் தனியாகக் காங்கிரீட் கூண்டு எழுப்பி, எல்லாக் குளியலறையையும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கிறார்கள். தண்ணீர் எல்லாம் அங்கேயே இறங்கிவிடும், பழைய சுவருக்கு ஒரு சொட்டும் போகாது. எந்தப் பொறியாளரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார். ஐந்தாவது குடித்தனமான மாடி முன்பகுதிக்கு மட்டும், அறைக்குள்ளேயே குளியலறை வேண்டும் என்று யாரோ கேட்டிருக்கிறார்கள்; அதை மெட்ராஸ் டெரஸ் தளத்தின் மேலேயே கட்டிவிட்டார்கள்.

மெட்ராஸ் டெரஸ் என்றால் என்னவென்று அடுக்ககத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குத் தெரிந்திருக்காது. சுவருக்குச் சுவர் தேக்குக் கட்டைகளைக் கிட்டக்கிட்ட வைத்து, அவற்றின்மேல் அச்சுக்கல் என்ற மெல்லிய செங்கல்லைச் செங்குத்தாக நிறுத்தி, மூலைவாட்டில் சுண்ணாம்புக் கலவையில் அடுக்கிக்கொண்டே போவார்கள். அதற்குமேல் உடைந்த செங்கல்லும் சுண்ணாம்பும் கலந்த கலவையைக் கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்து, சித்தாள்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டுவார்கள், கடைசியில் மேலே தட்டையான ஓடு பதிப்பார்கள். இரும்புக் கம்பி கிடையாது, சிமெண்ட் கிடையாது. வெயிலைத் தாங்கும், ஆளைத் தாங்கும், மேலே கொட்டி ஓடிவிடும் மழையையும் தாங்கும். நின்று தேங்கும் தண்ணீரை மட்டும் தாங்காது. சுவருக்குள் செருகியிருக்கும் கட்டை முனை ஈரத்தில் இற்றுப்போனால், வெளியே பார்க்க ஒன்றும் தெரியாது; உள்ளே கட்டை சுவரை விட்டுக் கைகழுவியிருக்கும். மாடி முன்பகுதிக் குளியலறைக்கு நேர்கீழே இருக்கும் அறையில் இரண்டு கட்டைகளுக்கு நடுவே பழுப்பாக ஒரு கறை படர்ந்திருக்கிறது. நாங்கள் வந்தபோது உள்ளங்கை அளவு இருந்தது, போகும்போது சாப்பாட்டுத் தட்டு அளவு. உரிமையாளரிடம் இரண்டு முறை சொன்னேன். இரண்டு முறையும் கறையின்மேல் வெள்ளை அடித்தார்.

பின்பக்கத்தில் வளைந்து ஏறும் வார்ப்பிரும்புப் படிக்கட்டு ஒன்று இருக்கிறது. வீடு பார்க்க வருபவர்கள் முதலில் படமெடுப்பது அதைத்தான். இந்த வகைப் பங்களாக்களில் அந்தப் படி எதற்காக வைத்தார்கள் என்றால், மாடிக் குளியலறையிலிருந்து மலப்பானையை எடுத்துப்போக வரும் தொழிலாளி வீட்டுக்குள் கால் வைக்கக் கூடாது என்பதற்காக. நான் அதில் ஏறும்போதெல்லாம் அந்த நினைப்பு வரும். கைப்பிடியில் இலையும் கொடியும் வார்த்திருக்கிறார்கள்.

இனி ஓதம். தரைத்தளத்தில் குடியேறிய முதல் ஆகஸ்டில் வடக்குச் சுவரில் உப்பு பூக்கத் தொடங்கியது. பழைய சுண்ணாம்புப் பூச்சு கீழே உதிர்ந்த இடத்திலெல்லாம், தரையிலிருந்து மூன்றடி உயரத்துக்குச் சிமெண்ட் பூசி, மேலே பளபளவென்று எமல்ஷன் அடித்திருந்தார்கள். அந்த மூன்றடிப் பட்டைக்குள் ஒன்றும் தெரியவில்லை. அது முடியும் கோட்டுக்கு மேலே, பழைய பூச்சில், வெள்ளை வெள்ளையாகப் பொரிந்து கொட்டியது. எனக்குக் காரணம் தெரியும், ஆனாலும் என்னோடு பல வேலைகளில் இருந்த மேஸ்திரி ஒருவரை வரவழைத்தேன். அவர் கதவில் தட்டுவதுபோல விரல் முட்டியால் சுவரைத் தட்டிக்கொண்டே போனார். சிமெண்ட் பட்டையில் பொத்தென்று கேட்டது.

“சார், தண்ணி தரையிலருந்து ஏறுது. முன்னாடி சுண்ணாம்பு வழியா வெளிய வந்து காஞ்சுடும். இவங்க சிமெண்ட்ட போட்டு வாயை அடைச்சிட்டாங்க. வழி இல்லாம மேல ஏறிப் போய்க் கக்குது.”

“என்ன செய்யலாம் மேஸ்திரி?”

“ஒண்ணும் செய்யாதீங்க சார். கொத்தி எடுத்துட்டு ஒரு வருஷம் சும்மா விடுங்க. மூச்சு வுடட்டும்.”

ஒரு வருஷம் கொத்திய சுவரோடு குடித்தனம் நடத்த வாடகைக்காரனால் முடியாது, வாடகையை விட்டுக்கொடுக்க உரிமையாளராலும் முடியாது. இங்கிலாந்தில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே தரைக்குச் சற்று மேலே ஸ்லேட் பலகையோ தாரோ ஒரு வரிசை வைத்து ஈரம் ஏறாமல் தடுக்கும் வழக்கம் வந்துவிட்டது. இந்த வீட்டில் அதைக் காணவில்லை. சுண்ணாம்பு இருக்கிறது, காற்றும் வெயிலும் இருக்கின்றன, சுவர் தானே உலர்ந்துகொள்ளும் என்று விட்டிருக்கலாம். சுண்ணாம்பு இருந்தவரை அது நடந்தும் இருக்கும். வெளிப்புறத்திலும் மேற்குச் சுவரின் இணைப்புகளில் யாரோ சிமெண்ட் வைத்து அடைத்திருக்கிறார்கள். அங்கே மட்டும் கல்லின் முகம் பிஸ்கட் போல உதிர்கிறது. தொட்டால் விரலில் சிவப்புப் பொடி. இணைப்பு கல்லைவிட மென்மையாக இருக்க வேண்டும் என்ற ஒரு விதியை மறந்தால், நூறு வருஷம் நின்ற கல்லுக்கு இந்தக் கதிதான்.

வீட்டின் பெருமையையும் அதே தளத்தில்தான் பார்த்தேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். எதிர் வரிசையில் புதிதாகக் கட்டிய அடுக்ககத்தின் கார் நிறுத்தும் தளம் குளமாகிவிட்டது. எங்கள் தரைமட்டம் தெருவிலிருந்து மூன்றரை அடி உயரம். ஏழு படிகளில் நான்காவது படியோடு தண்ணீர் நின்றுவிட்டது. மின்சாரம் இல்லாத அந்த இரவுகளில் தாழ்வாரத்தில் பாய் போட்டு, எதிர்வீட்டுக் குடும்பங்கள் இரண்டும் எங்களோடு படுத்திருந்தன. தெரு ஒவ்வொரு முறை தார் போடும்போதும் உயர்ந்துகொண்டே வந்திருக்கிறது. அதையும் தாண்டி மூன்றரை அடி மிச்சம் இருக்கிறது என்றால், முதலில் எவ்வளவு உயரத்தில் கட்டியிருப்பார்கள் என்று யோசித்துக்கொள்ளலாம்.

ஓதத்துக்குப் பயந்துதான் மாடிக்கு மாறினோம். மாடியில் ஓதம் இல்லை. உட்கூரை 15 அடி உயரம். மே மாதத்து மதியத்தில், ஏ.சி. போடாமல், தேக்குப் பட்டைகளைப் பாதி சாய்த்துவிட்டு மின்விசிறியின் கீழ் படுத்துத் தூங்க முடிந்தது. அயனாவரத்தில் கடைசி மாடியில் 25 வருஷம் வெந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இதற்கே வாடகையில் பாதியைக் கொடுக்கலாம். தளத்தின் கனமும் அச்சுக்கல்லும் சேர்ந்து பகல் சூட்டை உடனே உள்ளே விடுவதில்லை. அந்தச் சூடு இறங்கத் தொடங்கும்போது இரவு எட்டு மணி ஆகிவிடும், அதற்குள் கடற்காற்று வந்திருக்கும். எரிச்சல் ஒன்றே ஒன்று: அந்த உயரத்தில் ஒட்டடை அடிக்க நம் வீட்டுக் கம்பு எட்டாது. மாதம் ஒருமுறை ஏணியோடு ஆள் வரவேண்டும்.

சமையலறை பற்றி என் மனைவியின் தீர்ப்பை அப்படியே தருகிறேன்: இது சமைத்துச் சாப்பிடுபவர்களுக்கான வீடு இல்லை. காரணம் கட்டடத்திலேயே இருக்கிறது. வெள்ளைக்காரர் வீட்டில் சமையல் பின்னால் தனிக் கட்டடத்தில் நடந்தது. புகையும் நெருப்பும் வேலையாட்களும் அங்கே, சாப்பாடு மட்டும் மூடிய நடைபாதை வழியே உள்ளே வரும். அந்தச் சமையல் கட்டடம் இப்போது ஒரு தனிக் குடித்தனம். மற்ற நான்கு குடித்தனங்களுக்கும் சமையலறை, முன்பு சாமான் அறையாகவோ உடை மாற்றும் அறையாகவோ இருந்த இடத்தில் பின்னால் புகுத்தியது. கீழே எங்கள் சமையலறைக்கு ஜன்னலே இல்லை. தாளித்தால் கடுகு வாசனை படுக்கையறைப் பூவின் நான்கரை இதழ்வரை போகும். சிம்னிக் குழாய்க்கு 18 அங்குலச் சுவரில் ஓட்டை போட இரண்டு நாள் ஆனது. துளைக் கருவிக்காரர் இரண்டாம் நாள் கூலியை உயர்த்திக் கேட்டார், தப்பு சொல்ல மாட்டேன்.

மின் கட்டணம் தனி வழக்கு. ஐந்து குடித்தனத்துக்கும் சேர்த்து ஒரே இணைப்பு, உள்ளே சப் மீட்டர். நாங்கள் இருந்தபோது தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசமாக இருந்தது, அதற்குமேல் பயன்பாடு ஏற ஏற யூனிட் விலையும் ஏறியது. ஐந்து வீட்டு யூனிட்டும் ஒரே மீட்டரில் சேர்ந்தால், நாம் எவ்வளவு சிக்கனமாக இருந்தாலும் உச்ச விலைப் படியில்தான் நிற்போம். யூனிட்டுக்கு 11 ரூபாய் கொடுத்தோம். உரிமையாளரிடம் தனி மீட்டர் கேட்டபோது பழைய வீடு, வயரிங் தாங்காது என்றார், ஐந்து ஏ.சி.யைத் தாங்குகிற வயரிங் ஐந்து மீட்டரைத் தாங்காது என்பது எனக்குப் புரியவில்லை. தண்ணீருக்குக் குறையில்லை, கிணறும் போரும் இருக்கின்றன, கோடையில் மட்டும் லாரி. கார் இரண்டுக்குத்தான் இடம், முந்தியவருக்கே போர்டிகோ.

கீழே 34,000 ரூபாயும் மாடியில் 36,000 ரூபாயும் வாடகை கொடுத்தோம், அட்வான்ஸ் மூன்று மாதம். அந்தப் பகுதியில் இரண்டு படுக்கையறைக்கு இது அதிகமும் இல்லை, மலிவும் இல்லை. எடுப்பதானால் மாடிக் கிழக்கை எடுங்கள். மாடி முன்பகுதியை, படுக்கையறையோடு சேர்ந்த குளியலறைக்கு மயங்கி எடுக்காதீர்கள். அதற்கு நேர்கீழே உள்ளதை இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். பின்னால் இருக்கும் பழைய சமையல் கட்டடம் சிறியது, ஆனால் நான்கு பக்கமும் காற்று, தடுப்பு கிடையாது, பக்கத்து வீட்டு அலாரம் கிடையாது. புதிதாகக் கல்யாணமானவர்களுக்குப் பொருந்தும். தரைத்தளம் பார்க்கப் போவதாக இருந்தால், கோடையில் போகாமல், ஐப்பசி மழை விட்ட இரண்டாம் நாள் போய், வடக்குச் சுவரில் அலமாரி மறைக்கும் இடத்தைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள்.

காலி செய்யும்போது, பெயிண்டிங்குக்கு என்று ஒரு மாத வாடகையை அட்வான்ஸில் பிடித்துக்கொண்டார்கள். சென்னையில் அது வழக்கம், நான் வாதாடவில்லை. இரண்டு வாரம் கழித்து, விட்டுப்போன கேஸ் புத்தகத்தை வாங்கப் போனபோது போர்டிகோவில் சாரம் கட்டியிருந்தது. முன்புற மூலையில், நான் எண்ணிப் பார்த்த அந்த ஒல்லிக் கற்களின் மேல், ஒரு பையன் செங்காவி அடித்துக்கொண்டிருந்தான். இன்னொருவன் நூல் பிடித்து, பொறுமையாக, வெள்ளைக் கோடு இழுத்துக்கொண்டிருந்தான்.